ஐந்து லைசென்ஸும் ஆறாவது ஆளும்

போன மாதம் எங்கள் ஆபீஸில் ஒரு பெரிய மனிதரின் பெயரை வெட்டித் தரையில் போட்டுவிட்டார்கள். வெட்டியது என் மேஜையில் இருந்த கத்தரிக்கோல்.

பெயரைத்தான் சொல்கிறேன்... ஆளை இல்லை. ஆனால் அன்று ஆபீஸ் அடங்கிப் போய்க் கிடந்ததைப் பார்த்தவர்கள், ஆளைத்தான் வெட்டிவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

இத்தனைக்கும் காரணம் என்ன தெரியுமா? ஒரு சாப்ட்வேர் லைசென்ஸ்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் சங்கதி தெரியும். நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் ஒரு மரச்சீனி ஆராய்ச்சி நிலையத்தில் நான் டைப்பிஸ்ட். மரச்சீனி என்றால் மரவள்ளிக்கிழங்கு. பத்தாம் வகுப்பும் டைப்ரைட்டிங் லோயரும்தான் படிப்பு. நாலு பேர் சேர்ந்து நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அங்கே பேசாததையெல்லாம் இங்கே வந்து பேசுகிறேன். நீங்களும் பொறுமையாகக் கேட்கிறீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் நிலையத்தில் ஐந்து கம்ப்யூட்டர். போன வருஷம்தான் ஐந்தையும் ஒரே ஒயரில் கோத்தார்கள். மரச்சீனி இலையில் திட்டுத் திட்டாக வரும் தேமல் நோயைப் பற்றி வயல்வயலாகப் போய் எடுத்த விவரங்களைப் போட்டால், கணக்குப் பார்த்து அட்டவணையாகக் கொடுக்க ஒரு சாப்ட்வேர் இருந்தது. எங்கிருந்து வந்தது? ஒரு பிளாப்பியில் வந்தது. பிளாப்பி எங்கிருந்து வந்தது? இப்படிக் கேட்டால் எங்கள் சார்மார் எல்லோரும் மேலே பார்ப்பார்கள்.

ப்ராஜெக்டுக்குப் பணம் தருகிறவர்கள் ஒருநாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். காப்பி அடித்த சாப்ட்வேர் இனி கூடாது, முறையாக லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று. நியாயம்தானே?

திருவனந்தபுரத்திலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வந்தார். டை கட்டியிருந்தார். பாவம், எங்கள் ஊர் வெயிலில் டைதான் முதலில் வாடியது. மலையாளமும் இங்கிலீஷுமாக அவர் சொன்னதை நான் என் தமிழில் சொல்கிறேன்.

லைசென்ஸ் ஒன்று இல்லையாம். பல வகையாம். முதல் வகை, ஒரு மெஷினோடு கட்டிப்போட்டது. வீட்டுச் சுவரில் கரண்ட் மீட்டர் மாதிரி... அந்த இடத்தை விட்டு அசையாது. இரண்டாவது வகை, ஆளின் பெயருக்குக் கொடுப்பது. பாறசாலையிலிருந்து ரயிலில் போகிறவர்கள் சீசன் டிக்கெட் வைத்திருக்கிறார்களே, அது மாதிரி. யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் ஏறலாம். மூன்றாவது, பொதுவில் இத்தனை இடம் என்று வாங்குவது. டாக்டர் வீட்டு பெஞ்சு மாதிரி. யார் வேண்டுமானாலும் உட்காரலாம். பெஞ்சு நிறைந்துவிட்டால் அடுத்த ஆள் நிற்க வேண்டும்.

நாலாவதாக ஒன்றும் இருந்தது. காம்பவுண்டுக்குள் உள்ள எல்லோருக்கும், எல்லா மெஷினுக்கும். அதன் விலையைக் கேட்ட டைரக்டர் தங்கப்பன் சார், குடிக்கத் தண்ணீர் கேட்டார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

"இதுல கொறஞ்சது எதாக்கும்?" என்று கேட்டார் டைரக்டர்.

"பெயருக்கு வாங்குவதுதான் சார். பொதுவில் இரண்டு இடத்துக்கு ஆகிற செலவில் ஐந்து பேருக்குப் பெயர் லைசென்ஸ் கிடைக்கும்."

"பின்ன மாத்தணும்னு தோணினா?"

"மூன்று மாதத்துக்குள் வகையை மாற்றிக்கொள்ளலாம் சார்."

ஐந்து பெரியதா, இரண்டு பெரியதா? ஐந்துதான் பெரியது. பெயருக்கு வாங்குவது என்று முடிவானது. கம்பெனிக்காரர் பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்: "யார் யாருக்கு சார்?"

மற்ற ஊரில் இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தமோ தெரியாது. எங்கள் நிலையத்தில் இதற்கு ஒரே அர்த்தம்தான். சீனியாரிட்டி.

எங்கள் காம்பவுண்டில் தென்னை மரங்கள் உண்டு. தேங்காய் வெட்டும் அன்று சாயங்காலம் பங்கு வைப்பார்கள். அதுகூட சீனியாரிட்டிப்படிதான். பெரிய குலை டைரக்டருக்கு, அடுத்தது அடுத்தவருக்கு... கடைசியில் என் பையில் விழுவது குலுக்கினால் சத்தம் கேட்காத தேங்காய். யாரும் குறை சொல்வதில்லை. அப்படியே பழகிவிட்டது. லைசென்ஸையும் அதே மாதிரி பங்கு வைத்தார்கள்.

டைரக்டரில் தொடங்கி நாலு பெயர் சுலபமாக எழுதியாயிற்று. ஐந்தாவதில்தான் தகராறு. மண் ஆராய்ச்சி செய்யும் வேலாயுதன் சாரும், விதைக்கிழங்குப் பிரிவு ராஜம்மா மேடமும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இரண்டு பேருமே கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. அதனால் என்ன?

"எனக்கு அந்தப் பெட்டியே வேண்டாம்" என்றார் மேடம். "ஆனா மரியாதைன்னு ஒண்ணு உண்டுல்லா?"

"மரியாதைக்கு ஒரு கொறவும் இல்ல மேடம்" என்றார் வேலாயுதன் சார். "நான் சேந்தது காலம்பற. நீங்க சேந்தது மத்தியானத்துக்குப் பெறவாக்கும்."

"அன்னைக்கு அமரவிளை செக்போஸ்ட்டுல லாரி வரிசையில எனக்க பஸ்ஸு மாட்டிக்கிட்டு. அதுக்கு ஆயுசு முழுக்கவா சிட்சை?"

பஸ் தாமதமான காரணத்தால் ஒரு மனுஷி வேலைக்காலம் முழுவதும் ஜூனியர். ஐந்தாவது பெயர் வேலாயுதன் சாருக்குப் போனது.

அன்று ஸ்டெல்லா ஆபீஸில் இல்லை. ஒற்றசேகரமங்கலம் பக்கம் ஏதோ ஒரு வயலில் மரச்சீனி இலையைப் புரட்டிக்கொண்டு நின்றிருப்பாள்.

ஸ்டெல்லா யார் என்று சொல்லவில்லையே. ப்ராஜெக்டில் தற்காலிக வேலை பார்க்கும் பெண். கடலோரத்துக்காரி, அப்பா கடலுக்குப் போகிறவர். அவள் பி.எச்டி. செய்வதும் இந்தத் தேமல் நோயைப் பற்றித்தான். ஐந்து கம்ப்யூட்டரில் உண்மையாக வேலை நடப்பது அவள் உட்காரும் ஒன்றில்தான். மற்ற நாலும் உறை போட்டு, சந்தனப் பொட்டு வைத்து, வாசனையாக இருக்கும்.

ப்ராஜெக்ட் ஓணத்தோடு முடிகிறது. முடிந்தால் அவளுக்குச் சம்பளமும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. அதற்குள் கணக்கெல்லாம் முடித்து தீசிஸ் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு மழைக்காலம் நனைந்தது வீண்.

அவள் பெயரை யாரும் வேண்டுமென்று விடவில்லை. யாருக்கும் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். இரண்டில் எது மோசம் என்று நீங்களே சொல்லுங்கள்.

புது சாப்ட்வேரைப் போட்டு, பழைய காப்பியை அழித்துவிட்டு கம்பெனிக்காரர் போனார். மறுநாள் ஸ்டெல்லா வந்து மெஷினைத் திறந்தாள். அது பெயர் கேட்டது, பாஸ்வேர்டு கேட்டது. அவளிடம் இரண்டும் இல்லை. பையைக்கூடக் கீழே வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்புறம் நடந்ததை எங்கள் ஆட்களால் மட்டும்தான் செய்ய முடியும். விஷயம் தெரிந்ததும் ஐந்து சார்மாரும் ஒவ்வொருவராக வந்து, தங்கள் பாஸ்வேர்டை அவள் காதில் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"இதுக்கா மக்கா மொகம் வாடுது?" என்றார் வேலாயுதன் சார். "எனக்க பேருல கேறு. பாஸ்வேர்டு எனக்க வீட்டு நாய்க்க பேராக்கும். ஆருட்டயும் செல்லாண்டாம்."

அவர் வீட்டு நாயின் பெயர் அந்தத் தெருவுக்கே தெரியும். தினமும் சாயங்காலம் அவர் கூப்பிடுகிற சத்தம் ஹைவே வரைக்கும் கேட்கும்.

பெயரை விட்டுக்கொடுக்க மனசு வராது. ஆனால் பாஸ்வேர்டை வாரி வழங்குவார்கள். நல்ல மனசு இல்லை என்று சொல்ல முடியுமா? இருந்தது. நல்ல மனசோடு செய்த தப்பு அது.

வேலாயுதன் சார் பாதி நாள் மண் எடுக்க வெளியே போய்விடுவார். அதனால் ஸ்டெல்லா அவர் பெயரில்தான் வேலை செய்தாள். கணக்கு ஓடியது. பிரிண்டர் கரகரவென்று அடித்துத் தள்ளியது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பெரிய எழுத்தில் ஒரு வரி தானாகவே விழுந்தது... வேலை செய்தவர்: டாக்டர் வேலாயுதன்.

எந்தப் பெயரில் திறக்கிறோமோ அந்தப் பெயரைத்தான் அந்த சாப்ட்வேர் அச்சடிக்கும். பெயர் லைசென்ஸ் இல்லையா? அதற்கு அவ்வளவுதான் தெரியும்.

அட்டவணைக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஸ்டெல்லா பல்கலைக்கழகத்தில் இருக்கும் தன் கைடைப் பார்க்கப் போனாள். அவர் நாலு பக்கம் புரட்டினார். "இது யாருடைய ஆராய்ச்சி? உன்னுடையதா, வேலாயுதனுடையதா?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. அவர் கண்ணால் பார்த்ததைக் கேட்டார்.

ஸ்டெல்லா திரும்பி வந்து யாரிடமும் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்து, கத்தரிக்கோலை எடுத்து, ஒவ்வொரு தாளின் தலையையும் வெட்ட ஆரம்பித்தாள்.

"இது என்ன வேல மக்கா?" என்று கேட்டேன்.

"மேல உள்ள பேர எடுக்கேன் அக்கா." பிறகு கைடு கேட்டதைச் சொன்னாள்.

"சாரு கண்டா?"

"அவரு காரக்கோணத்துக்கு மண்ணு எடுக்கப் போயிருக்காரு. சாயங்காலமாக்கும் வருவாரு. அதுக்குள்ள தூத்து வாரிருவேன்."

வெட்டிய துண்டெல்லாம் பேன் காற்றில் அறை முழுக்கப் பறந்தது. நான் குனிந்து பொறுக்கினேன். பத்து துண்டு பொறுக்கினால் இருபது விழுந்தது.

அப்போது பார்த்துப் பிடித்தது மழை.

மழை வந்தால் மண் எடுக்க முடியாது. வேலாயுதன் சார் ஈரக் காலோடு திரும்பி வந்துவிட்டார். அறைக்குள் காலை வைத்ததும் ஒரு காகிதத் துண்டு அவர் உள்ளங்காலில் ஒட்டிக்கொண்டது. எழுத்தை மிதித்தால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம் இல்லையா... அவரும் பதறிப் போய் எடுத்தார். இரண்டு கண்ணிலும் ஒற்றினார். அப்புறம்தான் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தார்.

அவருடைய பெயர்.

இன்னொன்றை எடுத்தார். அதிலும் அதே பெயர். தரையெல்லாம் அதே பெயர்.

"எனக்க பேர ஆரு வெட்டிப் போட்டது?" குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்தேன். வேலை போகும், தீசிஸ் போகும் என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது.

"நானாக்கும் சார்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "நீயா? சரோஜா, நீ ஒரு குண்டூசி எடுக்கணும்னாலும் ரெண்டு பேருட்ட கேப்பியே."

"அக்கா இல்ல சார்" என்று ஸ்டெல்லா எழுந்தாள். "நானாக்கும்."

"என்னத்துக்கு? நான் உனக்கு என்ன செய்தேன்? எனக்க நாய்க்க பேரு வரைக்கும் தந்தேனே."

வாசலில் ராஜம்மா மேடம் வந்து நின்றார். "கண்டீரா சாரே, சண்டை போட்டு வாங்கின பேரு. இப்பம் தூத்து வார ஆளு தேடணும்."

வேலாயுதன் சார் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஸ்டெல்லாவையே பார்த்தார். அவள் கைடு சொன்னதைச் சொன்னாள். அழவில்லை. ஆனால் கத்தரிக்கோலைக் கீழே வைக்கவும் மறந்துவிட்டாள்.

"இதுல உள்ள ஒவ்வொரு செடியையும் நான் நடந்து போயி பாத்ததாக்கும் சார். கால்ல அட்ட கடிச்ச அடையாளம் இன்னும் உண்டு. மேல சாருக்க பேரு கெடந்தா, இத சாரு செய்ததுன்னு நினைக்காங்க."

"நான் செய்ததுன்னா?"

"ஆமா சார்."

அவர் ஈர வேஷ்டியோடு என் நாற்காலியில் உட்கார்ந்தார். வெட்டாத தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். மேலே பெயர், கீழே பக்கம் முழுக்க எண்கள்.

"மண்ண பத்தி கேட்டா நான் செல்லுவேன்" என்றார் கடைசியில். "இது இலைக்க காரியம். எனக்கு இதுல ஒரு வரி அறியாது. நாளைக்கு எவனாவது வந்து, 'கொள்ளாம் வேலாயுதா, நல்ல வேல'ன்னு சென்னா, நான் மொகத்த எங்க கொண்டு வைப்பேன்?"

தாள்களை அடுக்கிக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: "வெட்டினா போராது மக்கா. தலையில்லாத காகிதத்த கண்டா சந்தேகம் கூடத்தான் செய்யும். வா."

டைரக்டர் அறைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனார். லெட்டர் அடிக்க வேண்டியிருக்கும் என்று என்னையும் வரச் சொன்னார். டைரக்டரும் அவரும் பாறசாலையில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். ஆபீஸில் எப்போதும் சார் என்றுதான் கூப்பிடுவார். அன்று மறந்துவிட்டார்.

"எலே தங்கப்பா, இந்த லைசென்ஸ மாத்தணும்."

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "பேரு வேணும்னு அன்னைக்குச் சண்டை போட்டது நீயாக்கும்."

"போட்டேன். இப்பம் நானே வேண்டாம்னு செல்லுதேன். அவளுக்கு இருக்க ஒரு எடம் வேணும். நம்ம பேரு எதுக்கு?"

டைரக்டர் எல்லாவற்றையும் கேட்டார். மூன்று மாதம் இன்னும் முடியவில்லை. மாற்றலாம். ஆனால் ஐந்து பெயரும் போகும். பதிலுக்குப் பொதுவில் இரண்டே இரண்டு இடம் கிடைக்கும். மற்ற மூன்று பேரும் சம்மதிக்க வேண்டும். கூப்பிட்டார்கள். ராஜம்மா மேடம் கூப்பிடாமலே வந்தார்.

மூன்று பேரில் ஒருவர் தலையைச் சொறிந்தார். "ரெண்டு எடம்னா... அதுல சீனியாரிட்டி எப்படி?"

"சீனியாரிட்டி இல்ல" என்றார் டைரக்டர். "மொதல்ல வந்தவன் மொதல்ல இருக்கான். பெறவு வந்தவன் நிக்கான்."

எங்கள் ஆபீஸில் அதுவரை கேட்டிராத சட்டம் அது.

"எனக்குச் சம்மதம்" என்றார் ராஜம்மா மேடம்.

"மேடத்துக்கு லைசென்ஸே இல்லியே."

"இல்லாததுனாலயாக்கும் சம்மதம்."

டைரக்டர் சிரித்துவிட்டார். அவர் சிரித்த பிறகு மற்றவர்கள் எப்படி மறுப்பார்கள்? அன்றே லெட்டர் அடித்தேன்.

கம்பெனிக்காரர் வந்து மாற்றிக் கொடுத்தார். இந்தத் தடவை டை கட்டவில்லை. புது ஏற்பாட்டில் யார் உட்கார்ந்தாலும், வேலை செய்கிறவர் யார் என்று அது கேட்கும். அடிக்கிற பெயர் பக்கத்தின் தலையில் விழும். ஸ்டெல்லா முதலிலிருந்து எல்லாக் கணக்கையும் மறுபடி ஓட்டினாள். முதல் தாள் வந்ததும் கிழித்து என்னிடம் கொண்டு வந்து காட்டினாள். இரண்டு பேருமே அந்த ஒரு வரியைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

ஆராய்ச்சி நிலையத்துக்கு எந்த லைசென்ஸ் நல்லது என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வேன்? பத்தாம் வகுப்புக்காரி. எல்லா இடத்துக்கும் பொது பெஞ்சுதான் சரி என்றும் இல்லை. அமரவிளையில் என் மைத்துனன் மருந்துக்கடை வைத்திருக்கிறான். ஒரு கடை, ஒரு மெஷின். அவனுக்கு மெஷினோடு கட்டிப்போட்டது போதும். கல்லாவில் ஒரே ஆள்தான் இருக்க வேண்டும் என்கிற இடத்தில் பெயருக்கு வாங்குவதுதான் பத்திரம். ஆனால் பாதி பேர் வயலில், பாதி பேர் தற்காலிகம், இன்றைக்கு வருகிறவர் அடுத்த வருஷம் இருப்பாரா என்றே தெரியாது என்கிற இடத்தில்... யார் பெரியவர் என்று பார்த்து வாங்கினால் இப்படித்தான் ஆகும். யார் உட்காருவார் என்று பார்க்க வேண்டும். இதைச் சொல்ல கம்ப்யூட்டர் படிப்பு வேண்டுமா?

இப்போது ஒரு புதுத் தொல்லை. யார் பெயரும் வேண்டாம் என்றானதும் எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது. வேலாயுதன் சார் மண் கணக்கை ஒரு விரலால் அடித்துக் கற்றுக்கொள்கிறார். பெட்டியே வேண்டாம் என்ற ராஜம்மா மேடம் காலையில் சீக்கிரமே வந்து இன்னொரு இடத்தைப் பிடித்துவிடுகிறார். இத்தனை வருஷத்தில் அவர் முதலாவதாக வந்து உட்கார்ந்த இடம் அது ஒன்றுதான். பாவம், யாருக்கு எழுப்ப மனசு வரும்?

முந்தாநாள் மத்தியானம் ஸ்டெல்லா வயலிலிருந்து ஓடி வந்தாள். தீசிஸில் கடைசி அட்டவணை ஒன்றுதான் பாக்கி. கைடு மறுநாள் வெளியூர் போகிறார். அன்றைக்கே அவர் கையில் சேர்க்க வேண்டும். அடித்து எடுத்துக்கொண்டு நாலு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் முடியும்.

மெஷினைத் திறந்தாள். இடம் இல்லை, காத்திருக்கவும் என்றது.

ஒரு அறையில் வேலாயுதன் சார். அவருக்கு எதிரே ராஜம்மா மேடம். இரண்டு பேரும் ஸ்கிரீனுக்குள் தலையை விட்டுக்கொண்டு இருந்தார்கள். ஸ்டெல்லா வாசலில் நின்றாள். எங்கள் ஆபீஸில் ஒரு ஜூனியர் ஒரு சீனியரை எழும்பச் சொன்னதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. அதுவும் வேலை முடியப்போகிற தற்காலிகப் பெண். அவள் மணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

"சார்... மேடம்... ஆராவது ஒராளு ஒண்ணு எழும்பணும்" என்றாள்.

இரண்டு நாற்காலியும் ஒன்றாகத் தரையில் கிரீச்சிட்டன. இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள்.

"இஞ்ச இரி மோளே" என்றார் மேடம்.

"இஞ்ச வா மக்கா" என்றார் சார்.

அவள் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அட்டவணை வந்தது, மை காயும் முன்னால் உறையில் போட்டாள், பஸ்ஸையும் பிடித்தாள். நேற்று வந்து சொன்னாள்... கைடு புரட்டிப் பார்த்தாராம். பெயரைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லையாம். இலையைப் பற்றி மட்டும் நிறையக் கேட்டாராம். தீசிஸை வாங்கி வைத்துக்கொண்டார்.

சாரும் மேடமும் இரண்டு நாளாகப் பேசிக்கொள்வதில்லை. யார் முதலில் எழுந்தது என்று தகராறு.